உள்ளே வைத்த குழாய்

என் உடம்புக்குள் என்ன கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. நடந்ததை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தாணுமாலையன் பெரிய மனசு பண்ணிவிட்டார் என்கிறார்கள் சிலர். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள் வேறு சிலர், என் சம்பந்தி உட்பட. இரண்டும் இல்லை. ஆகையால் நானே எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். தைப்பூசத்தன்று சுவாமி ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி முடிந்ததும், படித்துறை மண்டபத்தில் முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. சுவாமிக்குச் சாத்திய பட்டைப் பட்டர் எடுத்து வந்து எங்கள் வீட்டு ஆண் ஒருவரின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குத் திருநீறு. கட்டிக்கொள்கிறவன் உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம்.

அந்த வழக்கத்தால்தான் மரியாதை எங்கள் கிளைக்கு வந்தது. நியாயமாக அது பெரியப்பாவுடையது. அவர் ரைஸ் மில் பெல்ட்டில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். அந்த வருஷப் பூசத்தில், மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், இது ஊனம் இல்லையா என்று என் அப்பா கேட்டார். இப்போதைய பட்டருடைய அப்பா அன்று பட்டராக இருந்தார். அவர் தயங்கினார். ஊர் கூடிப் பேசியது. பட்டு என் அப்பா தலைக்கு மாறியது, அவருக்குப் பின் என் தலைக்கு. அதன் பிறகு பெரியப்பா பூசத்தன்று ஊரில் இருந்ததே இல்லை. மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார்.

அப்பா செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அண்ணனுக்காக வளைந்தால் அதற்கு வழக்கம் என்று பேர் இல்லை. ஆனால் பெரியப்பா மகன் கார்த்திகேசன் அப்படி நினைக்கவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை. கல்யாண வீட்டில் பார்த்தால் அண்ணாச்சி என்று எழுந்து நிற்பான். கண் மட்டும் எழுந்து நிற்காது.

தொண்ணூற்றேழாம் வருஷம் கார்த்திகையில் எனக்கு இடது விலாவுக்குக் கீழே வலி வந்தது. முதுகில் தொடங்கி அடிவயிறு வரை முறுக்கிக்கொண்டு இறங்கும். முப்பது வருஷம் ஆழ்வார்குறிச்சியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பில் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எவனும் பார்த்ததில்லை. அந்த நான் சிமெண்டுத் தரையில் புரண்டேன். சொர்ணாம்பாள், என் மனைவி, வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள் கஷாயமும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். வலி இரண்டு நாள் ஒளிந்துகொள்ளும், மூன்றாம் நாள் இன்னும் கோபமாக வரும். மூத்திரம் சிவப்பாகப் போன அன்று அவள் எனக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் செய்துவிட்டாள்.

சுந்தர் எனக்கு ஒரே மகன். பாளையங்கோட்டையில் மின்வாரியத்தில் என்ஜினியர். வந்தான், காரில் ஏற்றினான், ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே டாக்டர் நேசையா என்று ஒருவர். சின்ன வயது. சாயம் ஏற்றிப் படம் எடுத்து, வெளிச்சப் பலகையில் மாட்டி, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு ஒரு நாளம் இறங்குகிறது, அதன் அடிப்பக்கத்தில் கல் அடைத்து நிற்கிறது, மேலே கிட்னி வீங்கிவிட்டது, இனி கஷாயத்துக்கு இது கேட்காது என்றார். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லையாம். மூத்திரம் வரும் வழியாகவே ஊசிபோல் மெல்லிய உள்நோக்குக் கருவியை உள்ளே விட்டு, கல்லைத் தட்டி உடைத்து, துண்டுகளை எடுத்துவிடலாமாம். தழும்பே இருக்காது என்று சந்தோஷமாகச் சொன்னார். தழும்பைப் பற்றி யார் கேட்டது? எந்த வழியாக என்று அவர் சொன்னபோதே எனக்கு உடம்பு கூசியது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பலசரக்கு வியாபாரி. அவருக்குக் கல் கிட்னிக்குள்ளேயே இருந்திருக்கிறது, பெரியது. முதுகில் துளை போட்டு எடுத்திருந்தார்கள். அந்தத் துளையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து பையில் முடிந்தது. அவர் நடக்கும்போது தம் மூத்திரத்தைத் தாமே கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். எங்களுக்கு வணக்கம் வேறு சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மேல் கோபம் இல்லை. அந்தப் பை என்னைப் பயமுறுத்தியது.

சுந்தரைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எனக்கு வெளியயும் உள்ளயும் எந்தக் குழாயும் இருக்கக் கூடாது. பூசத்துக்கு நான் முழு ஆளா நிக்கணும். டாக்டர்ட்ட கேளு. முடியும்னா படுக்கேன். முடியாதுன்னா இப்பமே வீட்டுக்குப் போவோம்."

அவன் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தான். "குழாயெல்லாம் கெடையாதுப்பா. ராத்திரி மட்டும் மூத்திரம் போக ஒரு ரப்பர் குழாய் போடுவாவளாம். மறுநா உருவிருவாவ. அதோட சரி."

"வாக்கு?"

"வாக்குப்பா."

நான் படுத்தேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் படுத்தேன், மேஜை மேல் அல்ல.

நடுமுதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் இரண்டும் யாருடையவோ ஆயின. அவற்றைத் தூக்கிக் கட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக் டக் என்று உள்ளே மரங்கொத்தி கொத்துவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு கையில் இன்னொரு ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டேன். விழித்தபோது ஒரு சின்ன பாட்டிலில் பழுப்பு நிறமாகக் குறுணை கிடந்தது. அதுதான் கல் என்றார்கள். இந்தக் குறுணையா என்னைத் தரையில் புரட்டியது என்று பாட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் சாலோமி வந்து ரப்பர் குழாயை உருவினாள். குழாயை எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்தாச்சு ஐயா என்றாள். அவள் மேல் குற்றம் இல்லை. நான் கேட்டதற்கு அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். எனக்குள் இன்னொன்று இருக்கிறது என்று எனக்குச் சொல்லப்படவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்த பிறகு பழைய வலி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை மூத்திரம் போகும்போதும் இடது இடுப்பில் ஏதோ கொக்கி போட்டு இழுப்பதுபோல் இருந்தது. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்தது. வயல் வரை நடந்துவிட்டு வந்தால் இளஞ்சிவப்பாக இறங்கியது. சுந்தர் ஞாயிறுதோறும் வருவான். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும், புண் ஆறுதுப்பா என்றான். சொல்லும்போது காய்கறிப் பையையோ, பேப்பரையோ, எதையாவது கையில் எடுத்துக்கொள்வான். நான் அதையும் கவனித்தேன். ஆனால் வாக்குக் கொடுத்தவனை மறுபடி மறுபடி கேட்பது அவனைச் சந்தேகப்படுவதாகும். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

பூசம் வந்தது.

அன்று ஆற்றில் நல்ல தண்ணீர். பனி விலகும் முன்பே படித்துறை நிறைந்துவிட்டது. தீர்த்தவாரி முடிந்து, ஈர வேட்டியோடு மண்டபத்தில் முன்வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் சுந்தர். மேளம் நின்றது. பட்டர் வெள்ளித்தட்டில் பட்டை ஏந்திக்கொண்டு வந்தார்.

"பட்டரே, கொஞ்சம் பொறும்" என்று ஒரு குரல். கார்த்திகேசன். பட்டு மாறிய பிறகு பூசத்துக்கு அவர்கள் கிளையிலிருந்து யாரும் மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை. அன்று அவன் குளித்து, நீறு பூசி, பட்டுக்கரை வேட்டி கட்டி வந்திருந்தான். "அண்ணாச்சிட்ட ஒண்ணு கேக்கணும்."

எதுவானாலும் வீட்டில் வந்து கேள் என்றேன்.

"எங்க அப்பாட்ட வீட்டுல வச்சா கேட்டீய? இங்கன வச்சுதான கேட்டீய" என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அவன் மனைவி விஜயஸ்ரீ தன் உடம்புக்குக் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஊர்ப் பேரைக் கேட்டதும் சாலோமி அவளிடம், உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு உள்ளே வைத்த குழாயைப் பூசம் கழிந்ததும் எடுக்க வேண்டும், மறந்துவிடாமல் வரச் சொல்லுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்லியனுப்பியிருக்கிறாள். இதையெல்லாம் அவன் நிதானமாகச் சொன்னான். மில்லில் ஷிப்ட் விவரம் சொல்வதுபோல் சொன்னான்.

"ஒரு முனை கிட்னியில இருக்கு, ஒரு முனை மூத்திரப்பையில இருக்கு. முழ நீளக் குழாய். எங்க அப்பாக்கு ரெண்டு விரல் இல்லாதது ஊனம்னா, மூத்திரக் குழாயை உள்ள வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கது என்னது? நீரே சொல்லும் அண்ணாச்சி."

பின்னாலிருந்து எவனோ, "அப்பம் அண்ணாச்சிக்கு உள்ள பைப் லைன் போட்டாச்சுன்னு சொல்லும்வே" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். பரிவட்டம் கட்டும் நேரத்தில் அந்த மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை.

பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாட்சிக்கு என் மகனைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அவன் படிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் வரை சிவந்திருந்தது. அந்தக் கொக்கி ஏன் இழுக்கிறது என்பது எனக்கு அப்போது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தெரிந்தன.

பட்டர் கிட்டே வந்தார். நல்ல மனிதர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "அண்ணா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. கட்டிடறேன். உள்ளே இருக்கறதை யார் பார்க்கப் போறா?" என்று காதோடு சொன்னார்.

அதே சமயம் இன்னொரு காதில் சுந்தரின் குரல். "அப்பா, இல்லன்னுருங்க."

கார்த்திகேசன் கேட்டபோது எனக்கு வந்தது அவமானம். இதைக் கேட்டபோது வந்ததுதான் கோபம். என்னை ஏமாற்றியது போதாது என்று, சுவாமி முன்னால் என் வாயையும் கடன் கேட்கிறான்.

"இருக்கு" என்றேன்.

கார்த்திகேசன் இதை எதிர்பார்க்கவில்லை. நான் மறுப்பேன், அவன் நிரூபிப்பான், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவோம் என்பான் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தான்போலும். நிரூபிக்க ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதலில் மூச்சு விட்டவர் பட்டர்தான். அவருக்கு வழி தெரிந்துவிட்டது. அப்படியானால் பிள்ளைக்குக் கட்டிவிடுகிறேன், கிளை மாற வேண்டாம் என்று தட்டோடு சுந்தர் பக்கம் திரும்பினார். சுந்தர் தலையில் இருந்த ஈரத்தைத் துண்டால் ஒற்றினான். ஒற்றினானே, அதைப் பார்த்தேன்.

"அவனுக்கு வேண்டாம்" என்றேன்.

பட்டருக்குப் புரியவில்லை. பிள்ளைக்கும் ஏதாவது ஆபரேஷனா என்று கேட்டார். இல்லை, அவன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு யாருக்கு என்றார்.

"கார்த்திகேசனுக்குக் கட்டும்."

கூட்டம் சலசலத்தது. கார்த்திகேசன் ஒரு அடி பின்னால் போனான். "ஒம்ம தர்மம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் அதுக்கு வரல."

"தர்மம் இல்லலே. நீ மூத்தவர் மகன். உடம்புல கொறை இல்ல. கேக்க வேண்டியதை மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்ட. பட்டர் நிக்காரு, தலையைக் குனி."

அவன் குனிந்தான். பட்டர் கட்டினார். கட்டும்போது அவன் கண் கலங்கியதாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவன் செய்தது எனக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர் சிரிக்க என்னை நிறுத்தியவன் அவன். அதற்காக அவனோடு இன்றுவரை நான் பேசுவதில்லை. ஆனால் பட்டுக்கு நான் கோபப்பட முடியாது. அது முழு ஆளின் தலைக்குப் போக வேண்டும், போயிற்று.

சுந்தருக்கு ஏன் இல்லை என்பதை மண்டபத்தில் நான் சொல்லவில்லை. அது ஊருக்கு உரியதல்ல. அவனுக்குத் தெரியும்.

வீட்டில் சொர்ணாம்பாள் சாப்பாடு போட்டாள். கை கழுவி எழுந்தபோதுதான் கேட்டாள், அப்பனைக் காப்பாற்றப் பிள்ளை ஒரு பொய் சொன்னால் அதற்கு இப்படியா என்று. அவளுக்கும் முன்பே தெரியும் என்பது அந்தக் கேள்வியில் வெளிவந்தது. என் வீட்டில் என் உடம்பைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியாது. அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் குழாயை எடுக்கப் போனோம். இந்த முறை மரத்துப்போகும் களிம்பு மட்டும்தான். நான் விழித்துக்கொண்டே கிடந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். டாக்டர் நேசையா இடுக்கியில் பிடித்து வெளியே எடுத்தார். பேனா ரீபில் பருமன். இரண்டு முனையும் பன்றிவால்போல் சுருண்டிருந்தன. நழுவிவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்களாம். கல் நின்ற இடத்தில் நாளம் புண்ணாகி வீங்கிக் கிடந்தது, இதை வைக்காமல் விட்டிருந்தால் அது அடைத்துப்போய்க் கிட்னி கெட்டிருக்கும், உங்கள் மகன் இது இல்லாமல் முடியாதா என்று எவ்வளவோ மன்றாடினார் என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தானே சொல்லிவிடுவதாக உங்கள் மகன் சொன்னாரே என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் ஏமாந்தவர் என்று தெரிந்தது.

சுந்தர் வராந்தாவில் நின்றிருந்தான். பூசத்திலிருந்து நாங்கள் பேசவில்லை. நான் அவனைத் தாண்டிப் போனேன். அவன் பின்னாலேயே வந்தான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பிறந்தவன்தானே.

"நான் செஞ்சது தப்புதாம்பா. வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"எங்கிட்ட சொல்லச் சொல்லுதேன்."

"சொன்னா நீங்க படுத்திருக்க மாட்டீங்க."

"ஆமா. படுத்திருக்க மாட்டேன்."

"கிட்னி போயிருக்கும்பா."

"ரெண்டு இருக்குல்லா. வாக்கு ஒண்ணுதாம்ல இருந்துச்சு."

அவன் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ படத்தைப் பார்த்தான். பிறகு, அடுத்த பூசத்துக்கு நான் முழு ஆள்தானே, அப்போதாவது மறுபடி கட்டிக்கொள்வேனா என்று மெதுவாகக் கேட்டான். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எங்கள் வீட்டில் இல்லை என்றேன். தன் தலைக்கு என்றாவது அது வருமா என்பதை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. கேட்காமல் விட்டானே, அந்த அளவுக்கு அவனுக்கு வெட்கம் இருந்தது. அதை மட்டும் அவன் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

காரில் முன் கதவைத் திறந்துவிட்டான். நான் பின் இருக்கையில் ஏறினேன். மேலப்பாளையம் தாண்டி, சேரன்மகாதேவி வந்தது. அங்கே வாய்க்கால் பாலத்துப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். வேலிகாத்தான் முட்புதர் மறைவுக்கு நடந்து போனேன். கொஞ்சம் எரிந்தது. இடுப்பில் இழுப்பு இல்லை. தெளிந்த தண்ணீராக, தடையில்லாமல், வாலிபத்தில் போனதுபோல் போனது.

திரும்பி வந்தபோது அவன் காரை விட்டு இறங்கி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்படிப்பா இருக்கு?"

"வண்டிய எடு" என்றேன்.